முதல் பேச்சு யாருக்குச் சொந்தம்

பிப்ரவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

ஆற்றுப் பெரிய பாலம் இடிந்து விழுந்த வருஷம். பஸ் டிக்கெட் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறிய வருஷமும் அதுதான். நம் தெருவுக்கு முதல் டெலிவிஷன் தையல்காரர் வீட்டில் வந்திறங்கி, நாங்கள் எல்லாரும் அவர் ஜன்னல் கம்பியில் தொங்கினோமே, அதே வருஷம். அந்த வருஷம்தான் உன் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். யார் முதலில் நிறுத்தியது என்பதில் கடைசிவரை எங்களுக்குள் ஒத்துவரவில்லை. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் பேச்சே இல்லையே.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் சொல்லச் சொல்ல எழுதுகிற ஜெராக்ஸ்காரம்மா, "நான் துண்டு துண்டாத்தான் கேட்டிருக்கேன், முழுசா சொல்லுங்க" என்கிறார். கீழே கடை போட்டிருக்கிறவர். எனக்கு எழுதவும் படிக்கவும் இப்போது அவரை விட்டால் ஆள் இல்லை. ஆகையால் அவருக்காக.

நான் பஸ் டெப்போவில் கிரீஸ் போடுகிறவன். உன் அப்பா அங்கே டைம்கீப்பர். எல்லாரும் அவரை 'டைம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தங்கையைத்தான் நான் கட்டியிருந்தேன். அன்றைக்குச் சாயங்கால பஸ் கிளம்புகிற நேரம் பார்த்து என் கிரீஸ் துப்பாக்கி அடைத்துக்கொண்டது. உன் அப்பா டெப்போ முழுக்கக் கேட்கிற மாதிரி, "தங்கச்சியக் குடுத்தப்பவே கொஞ்சம் மூளையும் சேத்துக் குடுத்திருக்கணும்" என்றார். பஸ் தாமதமாகக் கிளம்பியது. அது போய்ச் சேர்வதற்குள் பாலம் விழுந்துவிட்டது. தாமதமானதால் ஒரு பஸ் ஜனம் பிழைத்தது. சொன்ன சொல்லை அவர் திரும்ப வாங்கிக்கொள்வார் என்று நான் காத்திருந்தேன். நான் ஊரெல்லாம் பெருமை அடித்து முடிக்கட்டும் என்று அவர் காத்திருந்தார். அப்படிக் காத்துக்கொண்டே இருந்துவிட்டோம்.

ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருந்துகொண்டு இது. நடுவில் உன் அத்தை. "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, அந்தக் குடை என்னுதுன்னு." "உங்க அண்ணன்கிட்ட சொல்லு, கம்பி உடைஞ்சதும்தான் அது அவருதாச்சான்னு." நடுவில் நின்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். கோபம் எப்போதோ போய்விட்டது. அந்தச் சிரிப்புக்காகத்தான் நாங்கள் பேசாமலே இருந்தோம். நீ நடக்க ஆரம்பித்ததும் உன்னையும் தூது விட்டோம். நீ படிக்கப் போனாய். உன் அம்மா போனாள், பிறகு உன் அத்தையும் போனாள். மீட்டர் பார்க்க வருகிறவர், சிலிண்டர்காரர், யாரும் வராத நாளில் மதில்மேல் பூனை என்று தூது தொடர்ந்தது. "பூனையே, அந்த ஆள்கிட்ட சொல்லு, ஃபேனைப் போடச் சொல்லி."

உன் அத்தை இருக்கும்போதே ஜெராக்ஸ்காரம்மா எங்கள் தூதை விளையாட்டாக ஒரு வீடியோ எடுத்துப் போட்டார். அதில்தான் அவள் சிரிப்பு இருக்கிறது. பிறகு அது ஒரு சேனலாக வளர்ந்தது. இவரை இன்ஃப்ளூயன்சர் என்கிறார்கள். காய்ச்சல் பேர் மாதிரி இருக்கிறது. அதனால்தானோ என்னவோ தொண்டை மிட்டாய்க் கம்பெனி தேடி வந்தது. தூது சொல்லித் தொண்டை கட்டியவருக்கு நாங்கள் ஒரு மிட்டாய் கொடுக்க வேண்டும். அதுதான் விளம்பரம். ஒப்பந்தக் காகிதத்தை எழுதியது நீ. இந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்துக்காட்டியதும் நீ.

இப்போது விஷயம். நேற்று கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். உன் அப்பாவின் பிரம்பு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். "ஐயா, இவ்ளோ வருஷமா அவர்கிட்ட பேசாம விட்டத இந்த நாற்காலிகிட்ட பேசுங்க. அழுகை வந்தா அடக்க வேணாம். முதல் பேச்சு கம்பெனிக்குன்னு ஏற்கெனவே கையெழுத்தாகியிருக்கு. புதுக் காகிதம் வக்கீலம்மாகிட்டேருந்து வரும்" என்றார்கள்.

வக்கீலம்மா என்றால் நீதானே? உன்னைக் கேட்கலாம் என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். நீ போனை எடுப்பதில்லை. உன் அப்பாவின் காரியமெல்லாம் முடிந்து கிளம்பிய அன்றும் என் முகத்தைப் பார்க்காமல் வண்டி ஏறினாய். அந்தக் காகிதத்தை நீதான் எழுதப்போகிறாயா என்பதை மட்டும் சொல்.

மாமா


பிப்ரவரி 17

மாமாவுக்கு,

ஆம், அந்தக் கோப்பு என் மேஜைக்குத்தான் வந்திருக்கிறது. மிட்டாய்க் கம்பெனி எங்கள் அலுவலகத்தின் பழைய வாடிக்கையாளர். இன்றைக்கு மட்டும் என் மேஜையில் இப்படி ஆறேழு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஒரு சமையல்காரி இன்னொரு கம்பெனியின் எண்ணெயை வீடியோவில் தொடக் கூடாது. ஒரு தம்பதி தாங்கள் பிரியப்போவதை அடுத்த வருஷம் வரை அறிவிக்கக் கூடாது. நான் எழுதுவதெல்லாம் இப்படித்தான், யார் எதைச் சொல்லக் கூடாது என்பதைத்தான். பழைய ஒப்பந்தத்திலிருந்து ஷரத்துகளை எடுத்துப் புதியதில் ஒட்டி, பெயரை மாற்றி அனுப்பிவிடுவேன். உங்களுடையதையும் அப்படித்தான் எழுதியிருப்பேன். என்ன எழுதினேன் என்பதுகூட நினைவில் இல்லை.

போனை எடுக்காததற்குக் காரணம் கேட்கிறீர்கள். எழுதிவிடுகிறேன். எழுதினால் அழாமல் முடித்துவிடலாம்.

நான் வந்து சேர்ந்தபோது அப்பாவின் படுக்கையில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வார்டு நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன முதல் விஷயம் என்ன தெரியுமா? "உங்க மாமா அவர்கிட்ட ஒரு வார்த்தை நேரா பேசலம்மா. எல்லாம் என்கிட்டயே சொல்லச் சொன்னாரு. உங்கப்பா அவர் வாயையே பாத்துட்டிருந்தாரு." பக்கத்துப் படுக்கைக்காரர் அதை போனில் எடுத்து வைத்திருந்தார். எனக்குப் போட்டுக் காட்டினார். சிரித்துக்கொண்டே காட்டினார்.

கடைசி நாள் காலையில் நீங்கள் படுக்கைப் பக்கமே இல்லை. கீழே கவுண்டரில் யாருடனோ சத்தம் போட்டுக்கொண்டிருந்ததாகக் காவலாளி சொன்னார். அப்பா போகும்போது பக்கத்தில் யாரும் இல்லை.

வீட்டில் விளையாடினீர்கள், சரி. அத்தைக்காக விளையாடினீர்கள், அதுவும் சரி. சாகக் கிடக்கிற மனுஷரிடம் என்ன விளையாட்டு மாமா? "மச்சான்" என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் உங்கள் வாய் தேய்ந்திருக்குமா? சின்ன வயதில் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஓடி என் கால்தான் தேய்ந்தது.

நாற்காலியிடம் பேச விருப்பம் என்றால் சொல்லுங்கள். அதற்கு ஒரு ஒப்பந்தம் எழுதித் தருகிறேன். எத்தனை முறை திரும்ப எடுக்கலாம், கண்ணீர் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கெல்லாம் தனித்தனி ஷரத்து இருக்கிறது. அது என் தொழில்.

இதைப் படித்துக்காட்டும் அம்மாவுக்கு: எதையும் மழுப்பாமல் படியுங்கள்.


பிப்ரவரி 26

மருமகளே,

மழுப்பாமல்தான் படித்தார். காவலாளி என்ற இடத்தில் மட்டும் மூக்கைச் சிந்தினார்.

உனக்கு நினைவில்லை என்கிறாய். எனக்கு இருக்கிறது. எழுத்துத் தெரிந்தவர்களுக்குக் காகிதம் இருக்கிறது, மறந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். நான் காதால் வாங்கியதைத் தொலைத்தால் தொலைத்ததுதான். நீ படித்த அன்று மேஜையில் வெங்காயத் தோல் கிடந்தது, காற்றாடிக் காற்றில் அது உன் காகிதத்தின் மேல் வந்து உட்கார, ஊதித் தள்ளிவிட்டுப் படித்தாய். இதோ நீ படித்தது:

"இருவரும் ஒருவரோடொருவர் நேரடியாகப் பேசும் முதல் பேச்சு கம்பெனிக்கு மட்டுமே உரியது. அதற்கு முன்னர் பொதுவெளியில் எங்கும், எவ்வடிவிலும், இருவரும் நேரடியாகப் பேசுதல் கூடாது. மீறும் பட்சத்தில் சேனலும் அதிலுள்ள அனைத்துக் காணொளிகளும் கம்பெனி வசமாகும்."

ஜெராக்ஸ்காரம்மா பெட்டியிலிருந்த காகிதத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு எழுத்து மாறலை" என்கிறார். நீ படித்து முடித்ததும் உன் அப்பா உன்னைப் பார்த்து, "அவன்கிட்ட சொல்லும்மா, இத்தனை நாளா சும்மா செஞ்சத இனிமே சம்பளத்துக்குச் செய்யறோம்னு" என்றார். "உங்க அப்பாகிட்ட சொல்லும்மா, அவரு வாய மூட ஒரு கம்பெனியே வரவேண்டியிருந்துதுன்னு" என்றேன் நான். நீயும் சிரித்தாய். நான் ரேகை வைத்தேன், அவர் கையெழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனபோது கதவுக்கு மேலே ஒரு பலகை இருந்தது. பெருக்குகிற அம்மாவிடம், "அது என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன். "பொது வார்டு" என்றாள்.

பொது. அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் வாய் பூட்டிக்கொண்டது.

உள்ளே போனால் படுக்கைக்குப் படுக்கை ஆள். "அட, பேசாத மச்சானுங்க!" என்று ஒருவர் கை தட்டினார். அவ்வளவுதான், போன்கள் மேலே எழும்பிவிட்டன. வாயைத் திறந்தால் அடுத்த நிமிஷம் அது ஊரில் இருக்கும். சேனல் போய்விடும். சேனல் போனால் உன் அத்தையின் சிரிப்பும் போய்விடும். அந்த ஒன்றில்தான் அவள் சிரிப்பு இருக்கிறது. அதோடு, இந்தச் சேனலை நம்பித்தான் இந்த அம்மா கடைக்கு ஒரு புது மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறார்.

இந்த இடத்தில் ஜெராக்ஸ்காரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எனக்காகவா ஐயா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்கிறார். அதையும் எழுதச் சொல்லி எழுத வைத்திருக்கிறேன்.

உன் அப்பாவும் பேசவில்லையே பாப்பா. அவருக்கும் அதே கவலை. நர்ஸிடம், "சிஸ்டர், அவன்கிட்ட சொல்லுங்க, மூஞ்சிய அப்படி வச்சுக்க வேணாம், நான் இன்னும் சாகலைன்னு" என்றார். "சிஸ்டர், அவர்கிட்ட சொல்லுங்க, டைம்கீப்பர் டைமுக்கு முந்திக் கிளம்பக் கூடாதுன்னு" என்றேன். "நான் என்ன போஸ்ட்மேனா? ரெண்டு பேரும் நாலடி தூரத்துலதான் இருக்கீங்க" என்று அந்தப் பெண் சலித்துக்கொண்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பைக்குள் கையை விட்டு ஆளுக்கொரு மிட்டாயை நீட்டினோம். வார்டே சிரித்தது. நீ பார்த்த வீடியோ அதுவாகத்தான் இருக்கும்.

போர்வைக்கு வெளியே அவர் கால் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். பிடிக்கக் கூடாது என்று நீ படிக்கவில்லை.

ஆனால் அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. பேச வேண்டும். பொது வார்டில் முடியாதென்றால் தனி அறை வேண்டும். கதவு இருக்கிற ஒரு அறை. அதற்குத்தான் கீழே அலைந்தேன். ஒரு கவுண்டரில் இன்னொரு கவுண்டருக்கு அனுப்பினார்கள், அங்கே டாக்டர் சீட்டு கேட்டார்கள். "அவருக்கு என்ன வியாதிக்குத் தனி அறை?" என்று கேட்டவனிடம் நான் என்ன சொல்வது? "பேசறதுக்கு" என்றேன். அவன் சிரித்தான். அதற்குத்தான் சத்தம் போட்டேன். உன் காவலாளி சொன்னது உண்மைதான்.

அறை கிடைத்தது. சாவியை வாங்கிக்கொண்டு படியேறினேன். மாடிப்படியைக் கழுவிவிட்டிருந்தார்கள், வழுக்கும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். "மச்சான், கதவச் சாத்திட்டேன், இப்ப சொல்லு" என்று ஆரம்பிக்க வேண்டும், அதுவரை தீர்மானித்து வைத்திருந்தேன். மேலே போனபோது அவர் முகத்தை மூடியிருந்தார்கள்.

சாவியைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். வீட்டில் ஆணியில் தொங்குகிறது.

மாமா


மார்ச் 8

மாமா,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே கோப்பைத் திறந்தேன். ஷரத்து நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் முதல் பக்கத்தில் சொற்களுக்கு விளக்கம் எழுதுவோம். இந்தச் சொல் வந்தால் இதற்கு இதுதான் பொருள் என்று. உங்கள் ஒப்பந்தத்திலும் இருக்கிறது: "பொதுவெளி என்பது இணையம், தொலைக்காட்சி, பத்திரிகை ஆகியவற்றில் ஒப்பந்ததாரர்கள் தாங்களே வெளியிடுவதை மட்டும் குறிக்கும்."

தாங்களே வெளியிடுவது. அடுத்தவர் எடுத்த வீடியோ இதில் சேராது. ஆஸ்பத்திரியும் சேராது. பொது வார்டும் சேராது.

அன்றைக்கு நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. எப்போதும் படிப்பதில்லை. "இது வழக்கமா இருக்கறதுதான்" என்று சொல்லிப் புரட்டிவிட்டேன். அப்பாவும் கேட்கவில்லை. அவருக்கு வயிறு பசித்தது. 'பொதுவெளி' என்பது நாங்கள் நாள் முழுவதும் எழுதுகிற சொல். அதை ஒரு மனிதர் பொது என்றும் வெளி என்றும் பிரித்துக் காதில் வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் அதைச் சுமந்துகொண்டு நடப்பார் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

நீங்கள் பேசியிருக்கலாம் மாமா. உங்களிடம் இதை மறைக்க வேண்டும் என்றுதான் முதல் இரண்டு கடிதங்களை எழுதினேன். "ஷரத்து அப்படித்தான் இருந்தது, நீங்கள் செய்தது சரி" என்று எழுதினேன். முடியவில்லை. காதில் விழுவதை அப்படியே நம்புகிற ஒருவருக்கு இனி அரைகுறையாக எதையும் படிக்கக் கூடாது என்று தோன்றியது.

நாற்காலி ஒப்பந்தத்தை எழுத மாட்டேன் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். "எதிர்த்தரப்பில் இருப்பவர் என் மாமா" என்றேன். மேலதிகாரி சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். இனி நான் ஜெராக்ஸ்காரம்மா பக்கம். கம்பெனி விடாது. முதல் பேச்சு எங்களுக்குச் சேர வேண்டியது, நாற்காலியிடமாவது பேசித் தரவேண்டும், இல்லையென்றால் சேனலைத் தர வேண்டும் என்று நோட்டீஸ் அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது. இனிமேல் நடக்கப்போகிற பேச்சைத்தான் ஒப்பந்தத்தில் விற்றீர்கள். உங்கள் மௌனம் தொடங்கிய பிறகு, ஒப்பந்தத்துக்கு முன்பே, நீங்கள் இருவரும் ஒரு முறையேனும் நேராகப் பேசியிருந்தால் முதல் பேச்சு என்பது அப்போதே முடிந்துவிட்டது. இல்லாத பொருளைக் கம்பெனி கேட்க முடியாது. அப்படிப் பேசியது உண்டா? காதால் கேட்டவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா? உங்கள் ஞாபகத்தைத்தான் நம்பியிருக்கிறேன்.

இன்னொன்று. அந்த நர்ஸைத் தேடிப் பிடித்து போனில் பேசினேன். என் கோபத்துக்கு மன்னிப்புக் கேட்கத்தான் பேசினேன். நீங்கள் கீழே போயிருந்தபோது அப்பா அவரிடம் உங்களுக்கு ஒரு தூது சொன்னாராம். அது உளறல் என்று அவர் நினைத்துவிட்டார். அவர் டியூட்டி முடிகிற நேரம். அதனால் உங்களிடம் சொல்லாமலே போய்விட்டாராம். சொன்னது இதுதான்:

"அவன்கிட்ட சொல்லுங்க, இந்தத் தடவ ஆணியே போதும்னு."

எனக்கும் புரியவில்லை. சொன்னது சொன்னபடி எழுதிவிட்டேன். ஒரு எழுத்தையும் விடவில்லை.

உங்கள் மருமகள்


மார்ச் 15

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தை ஜெராக்ஸ்காரம்மா கடையை மூடிவிட்டு வந்து படித்தார். "நீங்கள் பேசியிருக்கலாம்" என்ற இடத்தில் நின்றுவிட்டார். நான்தான் மறுபடி படிக்கச் சொன்னேன். மூன்றாவது முறை கேட்டபோது அவர் மறுத்துவிட்டார்.

பேசியிருக்கலாம். நாலு நாளாக அந்தச் சொல் வீட்டில் என்னோடு நடமாடுகிறது. தண்ணீர் குடிக்கப் போனால் பானைப் பக்கத்தில் நிற்கிறது. பிரம்பு நாற்காலியைப் பார்த்தால் அதில் உட்கார்ந்திருக்கிறது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்மேலும் கோபப்பட்டுப் பார்த்தேன், பிடிமானம் கிடைக்கவில்லை. அவர் முகம் மட்டும் வருகிறது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார் என்றாயே, அது வருகிறது.

ஆனால் நீ கடைசியில் எழுதியிருந்தாயே ஒரு வரி, அந்த ஆணி. உளறல் இல்லை பாப்பா. உனக்குத் தெரியாமல் போனதுதான் வேடிக்கை, ஏனென்றால் அந்த ஆணியைக் கொண்டுவந்ததே நீதான்.

பேசியது உண்டா என்று கேட்கிறாய். உண்டு, ஒரே ஒரு தடவை. அதை நாங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை. கத்தினது பேச்சில் சேருமா என்று உன் அப்பா அப்புறம் உன் அத்தை மூலம் கேட்டனுப்பினார். சேராது என்று நான் சொல்லியனுப்பினேன். அந்த ஒன்றில் இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

டெப்போவுக்குப் புது இன்ஜின் பஸ்கள் வந்த வருஷம். நம் கொல்லையில் தகரக் கொட்டகை ஒழுகியது. உன் அப்பா டீசல் டிரம்மின் மேல் ஏறிக் கூரைக்குப் போனார். டிரம் உருண்டு போய்விட்டது, இறங்க வழியில்லை. கீழே நீ நின்றாய், மூக்கொழுகிக்கொண்டு, கவுன் பட்டன் மாறிப்போட்டுக்கொண்டு. உன்னிடம், "மாமாகிட்ட போய் ஏணி கொண்டுவரச் சொல்லு" என்றார். நீ உள்ளே ஓடி வந்து, "மாமா, அப்பாவுக்கு ஆணி வேணுமாம்" என்றாய்.

கூரையில் ஆணி அடிக்கிறார்போல என்று ஒன்று எடுத்துக் கொடுத்தேன். நீ ஓடினாய். திரும்ப வந்தாய். "இது இல்லையாம், பெருசாம்." பெரிய ஆணி கொடுத்தேன். திரும்ப வந்தாய். "நீளமா வேணுமாம், கத்துறாரு." இந்த ஆளுக்கு ஒரு ஆணி பிடிக்காதா என்று எனக்குக் கோபம் வந்து, ஆணி டப்பாவையும் சுத்தியலையும் தூக்கிக்கொண்டு நானே கொல்லைக்குப் போனேன். மேலே வெயிலில் அவர் முகம் சிவந்து கிடந்தது. என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். பொறுக்க முடியாமல் வாய்விட்டுக் கத்தினார்:

"ஆணி இல்லடா மடையா, ஏணி! ஏணி!"

"அத மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன மச்சான்!" என்றேன் நான்.

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அவர் கூரையில் அப்படியே நின்றார். நான் கீழே டப்பாவோடு நின்றேன். உன் அத்தை தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் கொல்லைக் கதவு அதிர்ந்தது. அப்புறம் நான் ஏணியைக் கொண்டுவந்து சார்த்தினேன். அவர் இறங்கினார். அவர் கடைசிப் படிக்கு வரும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் பேசாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை ஆணியே போதும் என்றால் எனக்கு மட்டும்தான் புரியும். ஏணிக்காக அலையாதேடா, நான் இறங்கப்போவதில்லை, நீ கொண்டுவந்ததே போதும் என்கிறார். நான் எதற்குக் கீழே போயிருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் போட்ட கணக்கு அதுதான் என்றால், அந்த முகம் என்னைக் குறை சொன்ன முகம் இல்லை. இதை நான் நம்பிக்கொள்கிறேன். வேறு வழி எனக்கு இல்லை.

நாற்காலியிடம் பேச மாட்டேன் என்று கம்பெனிக்குச் சொல்லிவிடு. எங்கள் முதல் பேச்சில் அழுகை கிடையாது, மன்னிப்புக் கிடையாது. மடையா என்று ஒருவர், தொலை என்று ஒருவர். அதை வைத்து மிட்டாய் விற்க முடியாது. எங்கள் கடைசிப் பேச்சும் அதுதான். என்னிடம் கொடுக்க வேறு இல்லை.

சாட்சி கேட்டாய். அன்றைக்குக் கொல்லையில் கேட்டவர்களை ஒவ்வொருவராக மனசில் கூப்பிட்டுப் பார்த்தேன். உன் அத்தை கேட்டாள், சிரித்ததே அவள்தான். போய்விட்டாள். துணி துவைத்துக்கொண்டிருந்த உன் அம்மா சோப்புக் கையோடு எழுந்து வந்தாள். அவளும் இல்லை. தையல்காரர் ஜன்னல் வழியாக, "அடடா, வாயத் தொறந்துட்டாங்கய்யா!" என்று தெருவுக்கே அறிவித்தார். கண் தெரியாமல் போய், மகன் வீட்டில் இறந்தார். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். அவரை லாரி அடித்துவிட்டது. டெப்போவிலிருந்து உன் அப்பாவைக் கூப்பிட வந்த கண்டக்டர், விசில் என்போமே, அவர் இருந்திருந்தால் நீதிமன்றத்தில் நின்று விசில் ஊதியே சொல்லியிருப்பார். போன மழைக்காலத்தில் அவரும் போனார், உன் அப்பாதான் வந்து பூனையிடம் சொன்னார். கூரையில் நின்றவர் இப்போது இல்லை. நான் இருக்கிறேன். ஆனால் ரேகை வைத்தவன் சொல் தனக்கே சாட்சியாகாது என்று நீயே சொல்வாய்.

மிச்சம் ஒரே ஒரு ஆள். துருப்பிடித்த ஆணியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் நடுவில் நின்றது அந்த ஆள்தான். சரியான சொல்லைத்தானே கொண்டுவந்தோம், ஏன் இரண்டு பேரும் இப்படி வாயடைத்து நிற்கிறார்கள் என்று புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதது. டைம்கீப்பர் மகள். நீதான் பாப்பா.